அம்மாவின் முட்டிக்குத் தங்கப் பூச்சா?

கேள்வி:

எனக்குப் பாலக்காடு மாவட்டம் எலப்புள்ளி. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பவுடர் கோட்டிங் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு வயது 63. நாற்று நட்டே இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. வாளையார் எல்லை தாண்டிக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். முட்டி மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். விவரம் சொல்ல வந்த பெண் மேசைமேல் மூன்று மாதிரிகளை வைத்தார். ஒன்று வெள்ளி நிறம், ஒன்று தங்க நிறம், ஒன்று கறுப்பு. தங்க நிறத்தில் இருப்பது செராமிக் கோட்டிங், முப்பது வருடம் உழைக்கும், ஒரு முட்டிக்கு எழுபதாயிரம் கூட ஆகும் என்றார்.

கோட்டிங்கைப் பற்றி எனக்குத் தெரியும் ஐயா. நாங்கள் பூசி அனுப்பிய கேட் இரண்டு மழைக்காலம் தாங்காமல் உரிந்து திரும்பி வந்ததைப் பார்த்தவன் நான். செராமிக் என்றால் பீங்கான்தானே? முட்டிக்குள் பீங்கான் உரிந்தால் யார் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்?

இன்னொன்று. என் மாமா கள்ளிறக்குகிறவர். 2011-இல் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு மூட்டை மாற்ற வேண்டியதாயிற்று. அவருடைய டிஸ்சார்ஜ் தாளில் ‘எச்.ஏ. கோட்டட்’ என்று எழுதியிருக்கிறது. இன்றுவரை நன்றாக நடக்கிறார். இதுவும் அதுவும் ஒன்றா? அவருக்கு வைத்த பூச்சையே அம்மாவுக்கும் கேட்கலாமா?

கடைசியாக, அம்மா கேட்கச் சொன்னது: தங்க முட்டியில் எத்தனை பவுன் இருக்கும்?

— ஒரு வாசகர், எலப்புள்ளி

பதில்:

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அறுவை மருத்துவன் அல்ல, உலோகம் படித்தவன். அம்மாவுக்கு முட்டி மாற்ற வேண்டுமா, இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடலாமா என்பதெல்லாம் அவரை நடக்கவைத்துப் பார்த்த மருத்துவர் சொல்ல வேண்டியது. பூச்சைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ‘உரிந்தால்?’ என்று கேட்டீர்களே, இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

பீங்கான் என்றதும் டீக்கடைக் கோப்பை நினைவுக்கு வருகிறது. அதற்குப் பதிலாகப் பாட்டி வீட்டு எனாமல் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பொருளை உருக்கி ஒட்டவைத்தது அது. உலோகத்தின் மேல் செராமிக் பூச்சு என்பது நம் சமையலறைக்கு ஒன்றும் புதிதல்ல. அந்தத் தட்டு கீழே விழுந்தால் ஓரத்தில் சில்லு தெறித்து உள்ளிருக்கும் இரும்பு கறுப்பாகத் தெரியும், அதுவும் ஞாபகம் இருக்கும். இரும்பு வளையும், மேலிருக்கும் பூச்சு வளையாது. எலும்புக்குள் வைக்கும் பொருளில் இதைத் தவிர்க்கப் பொறியாளர்கள் படாத பாடுபட்டிருக்கிறார்கள்.

உங்கள் மாமாவின் பூச்சும் அம்மாவுக்குக் காட்டிய பூச்சும் ஒன்றல்ல. பெயரில் மட்டும்தான் உறவு. மாமாவுடையது எலும்பைப் பார்த்து நிற்கும் பூச்சு. எலும்பு வந்து பற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் பூசியது. அம்மாவுக்குக் காட்டியது உரசும் பக்கத்துக்கானது. அதில் எதுவும் பற்றக் கூடாது, வழுக்க வேண்டும். ஒன்றைச் சொரசொரப்பாக வைப்பார்கள், மற்றதைக் கண்ணாடிபோல் மெருகேற்றுவார்கள். இரண்டையும் ‘செராமிக் கோட்டிங்’ என்று ஒரே பெயரில் விற்பதால்தான் இந்தக் குழப்பம்.

மாமாவுடையதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எனக்கு அதில்தான் ஆசை அதிகம், என் வேலைநாட்களில் பாதி அதில்தான் போயிற்று. எச்.ஏ. என்பது ஹைட்ராக்ஸி அபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு. நம் எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதே குடும்பத்துத் தாதுதான். டைட்டானியத் தண்டின் மேல் இதைப் பூசித் தொடை எலும்புக்குள் இறக்கினால், வளரும் எலும்பு அதை வேற்றாளாக நினைப்பதில்லை, நேரே அதன் மேல் வந்து படிகிறது. 1985-இல் இங்கிலாந்தில் ரொனால்டு ஃபர்லாங் என்ற அறுவை மருத்துவர் இப்படிப் பூசிய இடுப்புத் தண்டை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அதற்கு முன்பு பெரும்பாலும் எலும்பு சிமென்ட்தான். ஜான் சார்ன்லி 1960-களில் பரவச் செய்த முறை அது.

பூசும் விதம் உங்களுக்குப் பிடிக்கும். ஆர்கான் வாயுவில் மின்பொறி விட்டுப் பத்தாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் பிளாஸ்மாச் சுவாலையை உண்டாக்குகிறார்கள். அதற்குள் எச்.ஏ. பொடியை ஊதுகிறார்கள். பொடி சுவாலைக்குள் இருப்பது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. அதற்குள் மேல்தோல் உருகி, அசுர வேகத்தில் போய் உலோகத்தில் அப்பத்துக்கு மாவு ஊற்றியதுபோல் சப்பென்று அறைகிறது. அடுக்கின் மேல் அடுக்காக 50 முதல் 150 மைக்ரான் வரை படியும். தலைமுடியின் தடிமனை 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், ஒன்றிரண்டு முடி தடிமன்தான்.

உங்கள் கேட் ஏன் உரிந்தது என்பது எனக்கு உங்கள் கடிதத்தைப் படித்தவுடனே தெரிந்துவிட்டது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். கழுவும் தொட்டியில் யாரோ அவசரப்பட்டிருப்பார்கள். இந்த வேலையிலும் அதே கதைதான். ஈயம் பூசுகிறவர் பித்தளை அண்டாவைத் தேய்த்து, சூடேற்றி, நவச்சாரம் போட்டுத் துடைத்த பிறகுதான் ஈயத்தைத் தொடுவார். கொத்தனார் பழைய சுவரைக் கொத்திவிட்டபின்தான் பூசுவார். டைட்டானியத் தண்டின் மேலும் முதலில் கரடுமுரடான துகள்களை வீசியடித்துக் கொத்திவிடுகிறார்கள். நான் பயிற்சிக்கு இருந்த ஆய்வகத்தில் ஒருமுறை அந்தத் துகளை மாற்றாமலே நாலைந்து தொகுதிக்கு ஓட்டிவிட்டோம். முனை மழுங்கிய துகள் கொத்தவில்லை, வெறுமனே தட்டிவிட்டுப் போயிற்று. சோதனையில் பூச்சு அப்பளம்போல் பெயர்ந்து வந்தது. நல்லவேளை, வெறும் சோதனைத் தகடுகள்தான். சர்வதேசத் தர விதிப்படி இந்தப் பூச்சு குறைந்தது 15 மெகாபாஸ்கல் இழுவையைத் தாங்க வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் ஒன்றரைக் குவிண்டாலைத் தொங்கவிட்டாலும் பிரியக் கூடாது என்று பொருள்.

இன்னொரு விஷயம் உங்களுக்கு வியப்பாக இருக்கும். மாமாவின் பூச்சு மெல்லக் கரைந்துகொண்டே போகும். கரைய வேண்டும் என்றே வைத்தது. முதல் சில வாரங்களில் எலும்பை அழைத்துவருவதுதான் அதன் வேலை. எலும்பு வந்து சேர்ந்தபின் ஆண்டுக்கணக்கில் எலும்புச் செல்களே அதைத் தின்று, அந்த இடத்தில் தாங்களே வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்யாணத் தரகர் பந்தியில் கடைசிவரை உட்கார்ந்திருக்கத் தேவையில்லையே. பூச்சு உரிவதும் கரைவதும் வேறு வேறு சங்கதி. உரிந்தால் துணுக்கு விழும், அது மூட்டுக்குள் போய் மணல்போல் அரைக்கும். கரைந்தால் கால்சியம் உடம்போடு போய்ச் சேரும். ஆனால் சீக்கிரம் கரைந்தாலும் ஆபத்து. சுவாலையில் சூடு மிஞ்சினால் எச்.ஏ. சிதைந்து எளிதில் கரையும் வேறு உப்பாகிவிடும். அப்போது எலும்பு வந்து சேரும் முன்பே பூச்சு காலி. அந்தச் சூட்டைச் சரியாகப் பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் கைப்பக்குவம்.

(கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த எச்.ஏ. பொடியை முட்டை ஓட்டிலிருந்தே எடுக்கலாம். ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தானே? சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டியிருக்கிறார்கள். நாமக்கல் பக்கம் போகும்போதெல்லாம் குப்பையில் கிடக்கும் ஓடுகளைப் பார்த்து எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.)

அப்படியானால் அம்மாவுக்கும் எச்.ஏ. கேட்கலாமா? தேவைப்படாது. நம் நாட்டில் முட்டி மாற்றும்போது பெரும்பாலும் எலும்பு சிமென்ட் வைத்தே ஒட்டுகிறார்கள். பொடியும் திரவமும் கலந்தால் கால் மணி நேரத்துக்குள் கல்லாகும் அக்ரிலிக் பசை அது. நடுவில் சிமென்ட் இருக்கும்போது எலும்பை அழைத்துவர ஒரு பூச்சு எதற்கு? சிமென்ட் இல்லாமல் பொருத்துவதென்றால் மட்டும்தான் அந்தப் பேச்சே வரும்.

இனி தங்க நிறத்துக்கு வருவோம். உங்கள் கம்பெனி டூல் ரூமுக்குப் போய் டிரில் பிட் பெட்டியைத் திறந்து பாருங்கள். தங்க நிறத்தில் சில பிட் இருக்கும். அந்த நிறம் டைட்டானியம் நைட்ரைடு. முட்டியில் இருப்பது அதுவே, அல்லது அதோடு நியோபியமும் சேர்ந்த அதன் தம்பி. காற்றை உறிஞ்சியெடுத்த அறைக்குள் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜனோடு சேர்த்து உலோகத்தின் மேல் படியவைக்கிறார்கள். தடிமன் சில மைக்ரான்தான். மாமாவின் பூச்சில் பத்தில் ஒரு பங்குகூட வராது. உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண முட்டியில் இருக்கும் அதே கோபால்ட்-குரோம். வெள்ளி முட்டிக்குச் சட்டை போட்டால் தங்க முட்டி.

இந்தச் சட்டையால் இரண்டு நன்மைகள். உலோகத்திலிருந்து கோபால்ட், குரோமியம், நிக்கல் ஆகியவை உடம்புக்குள் கசிவது குறைகிறது. மேற்பரப்பும் மிகக் கடினமாகிறது. கோபால்ட்-குரோமைவிட நாலைந்து மடங்கு கடினம் என்பதால் சிமென்ட் துணுக்கு சிக்கினாலும் எளிதில் கீறாது. ஆனால் எனாமல் தட்டின் கதை இங்கேயும் உண்டு. மெல்லிய கடினமான ஓடு, அடியில் அதைவிட மென்மையான உலோகம். அழுத்தம் ஓரிடத்தில் குவிந்தால் முட்டை ஓடுபோல் விரிசல் விடலாம். தொடக்க காலத்தில் இடுப்பு மூட்டின் பந்துகளில் இந்தப் பூச்சு பெயர்ந்து, அந்தத் துணுக்கே அரம்போல் அராவிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இன்று பூசும் தரம் மிகவும் கூடியிருக்கிறது. முட்டியில் பூச்சுக்கு எதிரே உரசுவது மென்மையான பிளாஸ்டிக் என்பதும் நமக்குச் சாதகம். உரிந்துவிடுமோ என்ற பயத்தால் மட்டும் இதை வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை.

வேண்டும் என்று வாங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. நெதர்லாந்தில் சுமார் நூறு பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் பூச்சுள்ள முட்டி, மீதிப் பேருக்கு அதே வடிவத்தில் பூச்சில்லாத முட்டி வைத்து ஐந்து ஆண்டு கவனித்தார்கள். வலியிலோ நடையிலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இருபது, முப்பது ஆண்டுக் கணக்கில் தங்கம் வெள்ளியை வென்றது என்று நிறுவிய ஆய்வை நான் பார்த்ததில்லை. வெள்ளியின் கணக்குத்தான் நம்மிடம் இருக்கிறது, அதுவும் நல்ல கணக்கு. 2019-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளை வைத்து, முழு முட்டி மாற்றியவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு அந்த முட்டி 25 ஆண்டு நின்றது என்று கணக்கிட்டது. அவை பெரும்பாலும் பூச்சில்லாத சாதாரண முட்டிகள். உங்கள் அம்மாவுக்கு 63. கூட்டிப் பாருங்கள்.

‘முப்பது வருடம்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்றும் சொல்கிறேன். ஆய்வகத்தில் நடையைப் போலவே முட்டியை மடக்கி நீட்டும் எந்திரம் உண்டு. மேசைமேல் இருந்த கறுப்பு மாதிரி இருக்கிறதே, அந்த வகையை அதில் 4.5 கோடி முறை ஓட்டி, வருடத்துக்கு 15 லட்சம் என்று வகுத்து, 30 ஆண்டு என்றார்கள். பொய்க் கணக்கு அல்ல. ஆனால் எந்திரம் அளப்பது தேய்மானத்தை மட்டுமே. எந்திரத்துக்குச் சர்க்கரை வியாதி வராது, சீழ் பிடிக்காது, அது வரப்பில் வழுக்கி விழாது. முட்டியைத் திரும்பத் திறக்க நேர்வதற்குக் கிருமித் தொற்றும் மூட்டுத் தளர்ச்சியும் பெரிய காரணங்கள். தொற்றை இந்த மூன்று நிறங்களில் எதுவும் தடுக்காது.

அந்தக் கறுப்பு ஒருவகையில் எனக்குப் பிடித்த வேலைப்பாடு. அது பூச்சே அல்ல. சிர்க்கோனியம்-நியோபியக் கலவையைக் காற்றில் காய்ச்சினால் உலோகத்தின் மேல்தோலே ஆக்சைடு செராமிக்காக மாறுகிறது. கொல்லன் உலையில் காய்ச்சிய இரும்பின் மேல் கறுப்புச் செதில் படியுமே, அந்த மாதிரி. இரும்பின் செதில் உதிரும், இதன் தோல் உதிராது. வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது அல்லவே. சுமார் 5 மைக்ரான் தடிமன். இதிலும் நிக்கல் தொல்லை கிடையாது என்றே சொல்லலாம்.

நிக்கல் என்றேன். தங்க முட்டிக்குப் பணம் கொடுக்க ஒரு நியாயமான காரணம் அதுதான். அம்மாவுக்குக் கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகுமா? வாட்ச் கட்டிய இடம் தடித்து அரிக்குமா? அப்படி இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தோல் மருத்துவர் முதுகில் பட்டை ஒட்டிச் சோதித்துச் சொல்வார். தோலில் ஒவ்வாமை இருந்தால் முட்டிக்குள்ளும் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் அப்படிப்பட்டவருக்குத் தங்கமோ கறுப்போ வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். அரிப்பு எதுவுமில்லை என்றால் வெள்ளியே போதும் என்பது என் கருத்து.

கோபால்ட் உடம்புக்கு விஷம் என்று யாராவது பயமுறுத்தியிருக்கலாம். அந்தப் பயத்துக்கு ஒரு வேர் உண்டு. உலோகத்தோடு உலோகம் உரசும் ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டு வகையை அதன் நிறுவனம் 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. கோபால்டும் குரோமியமும் இரத்தத்தில் கலந்து பலர் அவதிப்பட்டார்கள். இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அது வைக்கப்பட்டிருந்தது, இழப்பீட்டுக்கு மத்திய அரசு குழு அமைக்க வேண்டிவந்தது. முட்டியில் உலோகம் உரசுவது பிளாஸ்டிக்கோடு. அந்தக் கதையை இங்கே பொருத்த வேண்டாம்.

மிகக் கடினமானதே மிக நல்லது என்ற எண்ணத்தை உங்கள் ஊர்க்காரர்களே ஒருமுறை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் நம் நாட்டுக்கென்று ஓர் இதய வால்வு செய்தார்கள். வழியில் பல மாதிரிகள் தோற்றன. ஒன்றில் திறந்து மூடும் வட்டைச் செயற்கை நீலக்கல்லில் செய்திருந்தார்கள். நீலக்கல்லும் அலுமினா என்ற செராமிக்தான், தேய்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லாத பொருள். விலங்குச் சோதனையில் அது உடைந்தது. கடைசியில் வென்றது கோபால்ட்-குரோம் குடும்பத்துச் சட்டமும் பிளாஸ்டிக் வட்டும். 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெஞ்சுகளில் அது துடித்திருக்கிறது. அந்த வட்டின் பிளாஸ்டிக்குக்கு மிக உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன் என்று பெயர். உங்கள் அம்மாவின் முட்டிக்குள் உட்காரப்போவதும் அதே இனம்தான்.

பணத்துக்கு வருகிறேன். 2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முட்டி உபகரணங்களுக்கு உச்ச விலை வைத்தது. அதுவரை சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற சாதாரண கோபால்ட்-குரோம் முட்டி 54,720 ரூபாய்க்கு இறங்கியது. டைட்டானியம், ஆக்சைடான சிர்க்கோனியம் போன்ற சிறப்பு வகை 2,49,251-இலிருந்து 76,600-க்கு வந்தது. ஜி.எஸ்.டி. தனி. வித்தியாசம் 22 ஆயிரத்துக்குள். அதன் பிறகு அந்த உத்தரவைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், ஆகவே இன்றைய விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் எழுபதாயிரம் கூட என்றால் என் புருவம் உயரத்தான் செய்கிறது. உபகரணத்தின் விலை எவ்வளவு, அறை, மருத்துவர், மற்றவை எவ்வளவு என்று பில்லைப் பிரித்து எழுத்தில் கேளுங்கள். தங்க முட்டியை எந்த விலைப் பிரிவில் போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். தயங்க வேண்டாம், அது நோயாளியின் உரிமை. கேரளக் காப்பீட்டு அட்டை வைத்திருந்தால் வாளையாருக்கு அந்தப் பக்கம் அந்த ஆஸ்பத்திரியில் அது செல்லுமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் அறுவைக்குப் பிறகு மூன்று மாதம் நல்ல பிசியோதெரபிக்காரரை வீட்டுக்கு வரவையுங்கள். சர்க்கரை இருந்தால் அறுவைக்கு முன்பே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஆடும் பல், ஆறாத காலாணி, சிறுநீர்க் கடுப்பு எது இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கிருமி அந்த வழியாகவும் முட்டிக்குள் போகும். பொருத்திய உபகரணத்தின் பெட்டியில் தொகுதி எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். டிஸ்சார்ஜ் தாளில் அதை ஒட்டித்தரச் சொல்லி ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துங்கள். ஏ.எஸ்.ஆர். விவகாரத்தில் தனக்கு எது வைத்தார்கள் என்றே தெரியாமல் அலைந்தவர்கள் உண்டு. மாமாவின் தாளையும் தூக்கிப் போடாதீர்கள்.

அம்மாவின் கேள்வி பாக்கி. ஒரு முட்டியின் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்தால் என் கணக்குப்படி இரண்டு குன்றிமணி எடை தேறும். அதில் இருப்பது டைட்டானியமும் நைட்ரஜனும், மிஞ்சினால் நியோபியமும்தான், தங்கம் ஒரு பொட்டும் கிடையாது. அடகுக்கடையில் வாங்கமாட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள்.